பெண் வீடு எந்தப் பக்கம்

எங்கள் பாலைவன ஊர் அகதேஸில் கிடார் வாசிப்பவனைத் தேடி அலைய வேண்டியதில்லை. தெருமுனையில் நின்று தும்மினால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இருவர் தோளிலும் கிடார் தொங்கும். பாடுகிறவன்தான் கிடைக்க மாட்டான். கொஞ்சம் குரல் இருந்தாலும் தலைநகரிலிருந்து நியாமேக்காரர்கள் வந்து கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் பாடுவதைவிட ஜெனரேட்டர் ஓடுவது காதுக்கு இதம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அகாலிக்கு ஒரு பாடகன் வேண்டியிருந்தது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள். ஒரு வருடமாகக் கூடப் பாடியவன் முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லாமல் நியாமே பஸ் ஏறிவிட்டான். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. நன்றி கெட்டவன் என்று திட்டிக்கொண்டே அகாலி கல்யாண வீட்டுக்குப் போனான்.

கல்யாணத்தை நடத்துகிறவர் மாப்பிள்ளையின் அண்ணன் அத்தாஹெர். ஒட்டகச் சந்தையில் தரகு பார்க்கிறவர், பேச்சில் இனிப்பு கிடையாது.

"ரெண்டு நாள் இருக்கு, ஆளைப் பிடி" என்றார். "பொண்ணோட அப்பா அர்லித் சுரங்கத்துல வேலை பாக்கறாரு, அவர் பக்கம் நாலு பேரு வருவாங்க. அவங்க என்ன போட்டாலும் கேப்பாங்க. தாய்வீட்டு ஆளுங்க திமியாவிலேர்ந்து ஒரு லாரி நிறைய வர்றாங்க. மலைக்காரங்க. பாட்டு நல்லா இல்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. அப்படி ஒருத்தர் எந்திரிச்சாலும் நீ இந்த ஊர்ல இன்னொரு கல்யாணத்துல கிடாரைத் தொட முடியாது, சொல்லிட்டேன்."

அத்தாஹெர் சொன்னால் செய்கிறவர். ஆனால் அகாலி பயந்தது அவருக்கு அல்ல, செவ்வாய்க்கிழமைக்கு. ராணுவக் காவலோடு வடக்கே கிளம்பும் லாரி வரிசையில் அகாலிக்கு ஓர் இடம் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. பிடித்தது அவனுடைய அண்ணன். "ஒரு வருஷமா சோறு போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை கல்யாணம் நல்லா நடந்தா நீ பாட்டுக்காரன், நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லைன்னா செவ்வாய்க்கிழமை ஜாடோவுக்குக் கிளம்பு" என்று சொல்லிவிட்டார். அதில் தப்பு சொல்லவும் முடியாது.

ஜாடோ என்றால் தங்கம் தோண்டும் கிணறு. அகாலி அங்கே ஏழு மாதம் இருந்திருக்கிறான். ஒருவன் கயிற்றில் இறங்குவான், ஒருவன் மேலே நின்று இழுப்பான். அன்றைக்கு இறங்கியவன் கூட்டாளி கமெத், மேலே நின்றவன் அகாலி. பூமி ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். இழுத்தபோது கயிறு லேசாக வந்தது. அந்த லேசு இன்னும் அவன் உள்ளங்கையில் இருக்கிறது. திரும்பிப் போவதைவிடச் செத்துப்போகலாம் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் நினைக்காத நாள் இல்லை.

ஆகவே தேடினான். தெருத் தெருவாகத் தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டங்களில் எல்லாம் கேட்டான். ஒருவன் பாடத் தெரியும் என்றான், வந்து பார்த்தால் ஒரே பாட்டு, அதுவும் பாதி. இன்னொருவனுக்கு நல்ல குரல், ஆனால் நேற்றுதான் மெக்காவிலிருந்து திரும்பினானாம், இனிமேல் தொழுகை அழைப்பு மட்டும்தானாம். மூன்றாமவன் தன் தம்பி, மைத்துனன், மைத்துனனின் கீபோர்டு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் வருவதாகச் சொன்னான். கடைசியில் பஷீருவின் போன் கடையில் போய் விழுந்தான்.

போனில் பாட்டு ஏற்றித் தருவதுதான் பஷீருவின் பிழைப்பு. ஊரில் எந்தக் கல்யாணத்தில் எவன் பாடினாலும் மறுநாள் அவன் கம்ப்யூட்டரில் இருக்கும், அதற்கு மறுநாள் மலை தாண்டி ஒட்டகம் மேய்க்கிறவன் போனில் இருக்கும்.

"பாட்டுக்காரன் வேணும்" என்றான் அகாலி.

"எனக்கும்தான் கடைக்கு ஒரு ஏசி வேணும்" என்றான் பஷீரு. ஆனாலும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான்.

பத்து பன்னிரண்டு குரல் போயிருக்கும். பிறகு ஒன்று வந்தது. பின்னால் இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். கிடார் இல்லை, மேளம் இல்லை. ஒருத்தன் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தான், கேட்க யாருமில்லை என்ற நினைப்பில். அகாலிக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது.

"யாருடா இது?"

"லாரி நிலையத்துல மெக்கானிக். இஸ்மகில்னு பேரு. அவனுக்குத் தெரியாம எடுத்தது. போய்க் கேக்காதே, கல்யாணத்துல பாட மாட்டானாம். நான் கேட்டுப் பாத்துட்டேன், ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்தான்."

லாரி நிலையத்தில் ஒரு பழைய லாரிக்கு அடியில் இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அகாலி குனிந்து சலாம் சொன்னான்.

"நலமா?"

"நலம்."

"உடம்பு?"

"அதுவும் நலம்."

"வெயில் எப்படி?"

"வெயிலும் நலமாத்தான் இருக்கு. அந்த ஜாக்கி மேல சாயாதே, நான் சாகறதுக்கு இன்னும் நாள் இருக்கு."

அகாலி ஜாக்கியை விட்டு நகர்ந்து நின்றான். வந்த விஷயத்தைச் சொன்னான். பதிலாக ஒரே ஒரு "இல்லை" வெளியே வந்தது. கெஞ்சினான், அதற்கும் இல்லை. வேறு வழி தெரியாமல், எங்களில் எல்லோரும் செய்வதைச் செய்தான், ஊரும் உறவும் கேட்டான்.

"எந்தப் பக்கம் உனக்கு?"

"இஃபெருவான்."

"அம்மா யாரு?"

"அல்ஹாத் மக, தின்னா."

"குழல் வாசிப்பாரே, அந்த அல்ஹாத்தா? டேய், உங்கம்மா எங்கப்பாவுக்குத் தங்கச்சி முறைடா."

லாரிக்கு அடியில் இரும்புச் சத்தம் நின்றது. குரல் வந்தது, இந்தத் தடவை வேறு மாதிரி.

"அப்ப இவ்வளவு நேரமும் எங்கம்மாவோட அண்ணன் வீட்டுக் கழுதைக்கிட்டயா பேசிட்டு இருந்தேன்? கத்தற சத்தத்துலயே கண்டுபிடிச்சிருக்கணும்."

"கழுதை எவ்வளவோ மேல் மச்சான். உங்க வீட்டுல ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போனவனையே இன்னும் தேடிட்டு இருக்காங்களாம்."

இஸ்மகில் வெளியே ஊர்ந்து வந்தான். முப்பது வயது இருக்கும், தலைத்துணியில் பாதி கிரீஸ். கண் மட்டும் தெரிந்தது, அது சிரித்தது.

எங்களில் அத்தை மகனும் மாமன் மகனும் இப்படித்தான். கேலிக்கு எல்லை கிடையாது. தாயை இழுக்கலாம், தாத்தாவை இழுக்கலாம், செத்துப்போன ஒட்டகத்தையும் இழுக்கலாம். கோபம் வந்துவிட்டால் அவன் தோற்றவன். வாய்க்கு வாய் பதில் சொல்லாதவனும் தோற்றவன். மாமன் மகன் வாய்விட்டு ஒன்று கேட்டு அத்தை மகன் மறுத்தால், அதை ஊர் பேரப்பிள்ளைகள் காலம் வரை பேசும். அகாலிக்கு இது தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாடு. பாடலைன்னா, தின்னா மகன் தொண்டையில லாரி டயர் மாட்டிக்கிச்சுன்னு சந்தையில சொல்லுவேன்."

இஸ்மகில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். கேலி அவன் கண்ணை விட்டுப் போயிருந்தது.

"பாடறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. பொண்ணு வீடு எந்தப் பக்கம்?"

"ஏன்?"

"எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாசம். பொண்டாட்டி இன்னும் அவங்கம்மா வீட்டுலதான் இருக்கா, திமியாவுல. பேரீச்சை அறுப்பு முடிஞ்சு இங்க கூட்டிட்டு வரணும். என் மாமியார் முன்னாடி நான் இதுவரைக்கும் வாயைத் திறந்து தண்ணிகூடக் குடிச்சதில்லை. நான் பாடற காதல் பாட்டு அவங்க காதுல விழுந்தா, அந்த மலைப்பக்கம் நான் எப்படித் தலைகாட்டறது? அதனாலதான் எந்தக் கல்யாணத்துக்கும் போறதில்லை. யாரு எங்க வருவாங்கன்னு தெரியாது. சொல்லு, பொண்ணு வீடு எந்தப் பக்கம்?"

மாமியார் பெயரை அவன் சொல்லவில்லை. மாமியார் பெயரை யார் சொல்வார்கள்.

அகாலியின் நாக்கு நுனியில் திமியா வந்து நின்றது. கூடவே கயிறும் வந்தது, லேசான அந்தக் கயிறு.

"அர்லித்" என்றான்.

பொய் இல்லை. பெண்ணின் அப்பா அர்லித்தில்தான் இருக்கிறார். ஆனால் பெண் வீடு என்று எங்களில் யார் கேட்டாலும் தாய்வீட்டைத்தான் கேட்கிறார்கள். கூடாரம் தாயுடையது, பெயரும் மரியாதையும் அவள் வழியில் வருவது. தகப்பன் ஊரைச் சொல்லிப் பெண்ணை அடையாளம் காட்டுகிறவன் இந்த நகரத்தில் பிறந்திருக்கவே மாட்டான். அதனால்தான் இஸ்மகிலுக்குச் சந்தேகமே வரவில்லை. அகாலி அதையும் கணக்குப் போட்டுத்தான் சொன்னான். அயோக்கியத்தனம்தான். அவனுக்கே அப்போது வாய் கசந்தது.

அன்று மதியமே ஒத்திகை தொடங்கியது. ஊர் எல்லையில் ஒரு மண் வீடு, டிரம்ஸ் அடிக்கிறவன், இரண்டாம் கிடார்க்காரன், இவர்கள் இருவர். இஸ்மகில் வாயைத் திறந்ததும் டிரம்ஸ்காரன் அடிக்க மறந்து உட்கார்ந்துவிட்டான். அகாலி வாசித்து நிறுத்தும் இடத்தில் இஸ்மகில் மூச்சு எடுத்தான், அவன் இழுக்கும் இடத்தில் அகாலியின் விரல் தானாக இறங்கியது. இப்படி ஓர் ஆளைத்தான் அகாலி இத்தனை வருடம் தேடிக்கொண்டிருந்தான் என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது.

சனிக்கிழமை இருவரும் சேர்ந்து ஒரு புதுப்பாட்டே கட்டினார்கள். மெட்டு அகாலியுடையது, வரி இஸ்மகிலுடையது. எட்டு மாதமாக மனைவியைப் பிரிந்திருப்பவன் வேறென்ன எழுதுவான்.

"உன் கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறேன், காற்றே, என்னை உள்ளே தள்ளு" என்று முடியும் அது. பாடிவிட்டு அவனே வெட்கப்பட்டுத் தலைத்துணியை மேலே இழுத்துக்கொண்டான்.

"மச்சான், இதை உன் மாமியார் கேட்டா?" என்றான் டிரம்ஸ்காரன் விளையாட்டாக.

"கேட்டா நான் செத்தேன்" என்றான் இஸ்மகில். "நல்லவேளை, இவன் அர்லித்துன்னு சொன்னான்."

அகாலி கிடார்க் கம்பியை முறுக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டான். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தான். திமியாவில் எத்தனை வீடு, அத்தனை பேரும் அந்த லாரியில் ஏறிவிடுவார்களா என்று தனக்குத்தானே வாதாடினான். மழைக்காலம், ஓடையில் வெள்ளம் வந்தால் லாரியே வராது என்றும் சொல்லிக்கொண்டான். பாலைவனத்தில் வெள்ளம் வரட்டும் என்று ஒருவன் கடவுளிடம் கேட்டுக்கொண்டான் என்றால் அவன் நிலைமை எப்படி இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். கம்பும் பேரீச்சையும் பாலாடையும் கரைத்த எகாஜிரா பெரிய பெரிய கிண்ணங்களில் சுற்றி வந்தது. ஒரே அகப்பையில் பத்துப் பேர் குடித்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் கருநீலத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள், முன்வரிசைப் பாய் ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது.

"திமியாக்காரங்களுக்கு" என்று அத்தாஹெர் அகாலியின் காதில் சொன்னார். "ஓடை ஓடுதாம். வண்டி அக்கரையில நிக்குதுன்னு போன் வந்துச்சு. சாயங்காலம்தான் வருவாங்க போல. நீ ஆரம்பி."

அகாலிக்கு உயிர் வந்தது. சாயங்காலம் என்றால் பாட்டு முடிந்திருக்கும். இஸ்மகிலை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கடவுள் பெரியவர் என்று சொல்லிக்கொண்டு முதல் கம்பியைத் தட்டினான்.

இஸ்மகில் தலைத்துணியை வாய்க்குக் கீழே இறக்கிவிட்டுப் பாடினான். முதல் பாட்டிலேயே பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டாவதில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஆடினார்கள். பஷீரு தன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பதிவு செய்தான், அவனைப் பார்த்து இன்னும் முப்பது போன்கள் எழும்பின. அத்தாஹெர் சிரித்ததை அன்றைக்குத்தான் பலர் பார்த்தார்கள். ஐந்தாவதாக அந்தப் புதுப்பாட்டு. அகாலி மெட்டைத் தொடங்கியபோது தெருக்கோடியில் தூசி தெரிந்தது.

முதலில் தூசி, பிறகு ஹாரன், பிறகு லாரி. வெங்காய மூட்டைக்கு மேலே ஆட்கள், சக்கரத்தில் ஓடைச் சேறு இன்னும் காயவில்லை. அகாலி மட்டும்தான் அந்தப் பக்கம் பார்த்து நின்றிருந்தான். இஸ்மகில் ஆண்கள் பக்கம் பார்த்து நின்றான், லாரியைக் கவனிக்கவில்லை.

வாசிப்பதை நிறுத்த வேண்டும். இது சத்தியமாக அவனுக்குத் தெரிந்தது. ஒரு கம்பியை அறுத்துக்கொண்டாலே போதும், கச்சேரி நிற்கும், இஸ்மகிலை இழுத்துக்கொண்டு ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்விடலாம். ஆனால் கை நிற்கவில்லை. அத்தாஹெர் ஓடிப்போய் லாரிக்காரர்களை வரவேற்றார், கையைப் பிடித்து ஒவ்வொருவராக இறக்கினார். வயதான பெண்கள் ஆறேழு பேர் புழுதியைத் தட்டிக்கொண்டு நடந்து வந்தார்கள். அகாலி இரண்டு அடி நகர்ந்து, அவர்களுக்கும் இஸ்மகிலுக்கும் நடுவே தன் உடம்பை வைத்து மறைத்தான்.

"இந்தப் பக்கம் திரும்பிப் பாடு" என்று பல்லுக்குள் சொன்னான்.

"ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இஸ்மகில் எதிர்ப்பக்கம் திரும்பினான்.

எதிர்ப்பக்கத்தில்தான் அந்தக் காலிப் பாய் கிடந்தது. பெண்கள் பந்தலைச் சுற்றிக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தார்கள். நெட்டையாக, காதில் கனத்த வெள்ளி வளையத்தோடு ஒருத்தி கடைசியாக உட்கார்ந்து, தலை நிமிர்ந்து, பாடுகிறவன் யார் என்று பார்த்தாள்.

"உன் கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறேன், காற்றே, என்னை..."

அவள் தன் முக்காட்டை ஒரே இழுப்பில் முகத்தின் மேல் போட்டுக்கொண்டாள்.

பாட்டு அங்கேயே நின்றது. இஸ்மகிலின் கை தலைத்துணியைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றியது. மைக்கைக் கீழே வைத்தான், தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதைப் போல மெதுவாக. அகாலியை ஒரு தடவை பார்த்தான். குனிந்தபடி, கூட்டத்துக்குள் வழி விலக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. அத்தாஹெரின் முகத்தைப் பார்க்க அகாலிக்குத் தைரியம் இல்லை. தானே பாடிப் பார்த்தான், குரல் இரண்டாம் வரியிலேயே பிசிறியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். முன்வரிசையில் யாரோ எழுந்திருக்கப் போவதுபோல அசைந்தார்கள். ஒருத்தர் எழுந்தால் போதும், செவ்வாய்க்கிழமைதான்.

எழுந்தது அந்த நெட்டைப் பெண்மணி. மருமகன் போய்விட்டதால் முக்காட்டைப் பின்னால் தள்ளியிருந்தாள்.

"என்ன எழவு வீடு மாதிரி பாத்துட்டு இருக்கீங்க?" என்றாள். "எட்டு மணி நேரம் வெங்காயத்து மேல உக்காந்து வந்திருக்கோம். உரல் இருக்கா இந்த வீட்டுல? தோலைக் கட்டிக் கொண்டாங்க."

உரலின் வாயில் ஈரத்தோலை இழுத்துக் கட்டித் தெந்தே மேளத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் தட்டியபோது நெஞ்சுக்குள் தட்டியதுபோல இருந்தது. திமியாப் பெண்கள் கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள். அகாலி தன் கிடாரை அந்தத் தாளத்துக்குப் பின்னால் மெல்லக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மருமகன் இருந்திருந்தால் அவளும் வாயைத் திறந்திருக்க முடியாது, அவனுக்கு இருக்கும் கூச்சம்தான் அவளுக்கும். வெயில் தாழும் வரை அன்றைக்கு யாரும் உட்காரவில்லை. அப்படி ஒரு கல்யாணத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் என் மச்சினன் வீட்டுல ஒண்ணு. அதுக்கப்புறம் சந்தைத் தலைவர் வீடு" என்று அத்தாஹெர் அவன் தோளைத் தட்டினார். "உனக்கே சொல்லிட்டேன். அந்தப் பாட்டுக்காரனையும் கூட்டிட்டு வா."

அகாலி பிழைத்துவிட்டான். ஆனாலும் கூட்டத்துக்குள் இஸ்மகிலைத் தேடினான்.

கிளம்பும் முன் அந்தப் பெண்மணி அவனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பையன் உனக்கு என்ன வேணும்?"

"அத்தை மகன்மா."

"அவன்கிட்ட சொல்லு. எனக்கு ஒரு காது மந்தம். லாரிச் சத்தத்துல நான் ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லு." தோளில் இருந்த புழுதியைத் தட்டினாள். "பொண்ணு வீடு எந்தப் பக்கம்னு அவன் உன்னைக் கேக்கவே இல்லையா?"

"கேட்டான்."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை முழுவதும் தேடினான். லாரி நிலையத்தில் இல்லை, தங்கியிருந்த அறையில் இல்லை, போன் அணைந்திருந்தது. ஆனால் அவன் குரல் மட்டும் எங்கே போனாலும் இருந்தது. இறைச்சிக் கடையில், டாக்ஸி வண்டியில், தேநீர்க் கூட்டங்களில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. "காற்றே, என்னை" என்ற இடம் வந்ததும் நிற்கும். நின்றதும் கேட்கிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்றாக மிச்சத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"ஊரையே தூக்கிடுச்சுப்பா" என்றான் பஷீரு. "அந்த நிக்கிற இடம்தான் ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. திமியாவுக்கே போகுது, அந்த லாரியில வந்தவங்கள்ல ஒருத்தன் காலையில ஏத்திட்டுப் போனான்."

"அழிச்சுடுடா அதை."

"என் கம்ப்யூட்டர்ல அழிக்கலாம். ஊர்ல யாரு அழிக்கறது?"

செவ்வாய்க்கிழமை காலை, வேறு எங்கும் தேட இடமில்லாமல், தான் தப்பித்துவந்த அந்த இடத்துக்கே அகாலி போனான். வடக்குச் சோதனைச் சாவடிக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. முன்னால் ராணுவ வண்டி இன்ஜினைக் கிளப்பியிருந்தது. நான்காவது லாரியில், தண்ணீர்க் கேன்கள் தொங்கும் விளிம்பில், மூட்டைக்குள் செருகிய கழியைப் பிடித்துக்கொண்டு இஸ்மகில் உட்கார்ந்திருந்தான். தலைத்துணி கண் வரை ஏறியிருந்தது.

"இறங்கு" என்றான் அகாலி.

"யாரு அது, எங்கம்மாவோட அண்ணன் வீட்டுக் கழுதையா? வா வா. உன் அண்ணன்கிட்ட கேட்டேன், தம்பிக்குப் போட்ட இடம் சும்மாதானே இருக்குன்னு. சந்தோஷமா குடுத்தாரு. உன் எடைக்குப் பிடிச்ச இடம், எனக்குத் தாராளமா இருக்கு."

"உன் மாமியார் ஒண்ணும் கேக்கலையாம். லாரிச் சத்தமாம். அவங்களே சொன்னாங்க."

இஸ்மகில் விளிம்பிலிருந்து குனிந்தான்.

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆமா."

"அப்ப முழுசா கேட்டிருக்காங்க." மெல்லத் தலையை ஆட்டினான். "நல்லவங்க. அவ்வளவு நல்லவங்க முன்னாடி வெறுங்கையோட போய் நிக்க முடியாது மச்சான். ஏதாவது சம்பாதிச்சு, நல்லதா ஒண்ணு அனுப்பி வெச்சு, பேச்சு கொஞ்சம் ஆறினப்புறம் போறேன். இங்க இருந்தா டாக்ஸி டாக்ஸியா என் தொண்டையே என்னைத் துரத்துது."

"நான் போறேன். நீ இறங்கு. ரெண்டு கல்யாணம் வந்திருக்கு, நீ நடத்து."

"நீயா? கயித்தைப் பாத்தாலே உனக்குக் கால் நடுங்குமாம், டிரம்ஸ்காரன் சொன்னான். கிணத்துக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடியே உன்னைப் பொதைக்கணும். வேலை வெக்காதே."

லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தான். அகாலி பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இஸ்மகில், ஒரு தடவை நிஜமா திட்டு. உன்னை ஏமாத்தினேன். தெரிஞ்சேதான் ஏமாத்தினேன். கேலி வேண்டாம், கோபமா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"மாமன் மகன்கிட்ட எப்படிடா கோபப்படறது?" என்றான் இஸ்மகில். அவன் குரல் லேசாகத்தான் இருந்தது. "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிட்டேன். உங்க வீட்டுல பொண்ணோட ஊரைக் கேட்டா அப்பன் ஊரைத்தான் சொல்லுவீங்க போல. உனக்குப் பொண்ணு பொறந்தா சொல்லி அனுப்பு, வந்து அவளுக்கு அம்மா வீடு எதுன்னு நான் சொல்லித் தரேன்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எல்லோரும் அகாலியைப் பார்த்தார்கள். இப்போது அவன் முறை. இதைவிடப் பெரிதாக ஒன்று சொல்ல வேண்டும், இஸ்மகில் அதற்கு மேல் ஒன்று சொல்வான், அப்படியே வண்டி கிளம்பும். ஊர் வழக்கம் அதுதான். இஸ்மகிலும் கழியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்து காத்திருந்தான்.

அகாலி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

லாரி அசைந்தது. மூட்டை மேல் இருந்த யாரோ ஒருவன் போனில் பாட்டைப் போட்டான். அதே பாட்டுதான். புழுதிக்குள் அது தேய்ந்துகொண்டே போய், "காற்றே, என்னை" என்ற இடத்தில் நின்றது. மேலே இருந்த அத்தனை பேரும் சேர்ந்து, "உள்ளே தள்ளு" என்று கத்தினார்கள். இஸ்மகில் கத்தினானா என்று அகாலிக்குத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். அது வெறுமனே நீட்டியபடி இருந்தது, இழுத்தால் லேசாக வந்துவிடும் எதையோ பிடித்திருப்பதுபோல.